கண்டியில் பத்தில் விழுவது நுவரெலியாவில் எட்டில் விழுகிறது: பழைய ஏர் பிஸ்டலை எப்படிச் சோதிப்பது?

லிந்துலை_10மீ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இதுதான் என் முதல் கேள்வி. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிறேன். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. சனிக்கிழமைகளில் கண்டியில் க்ளப் ரேஞ்ச். செவ்வாயும் வியாழனும் நுவரெலியாவில் ஒரு மண்டபத்தில் இரண்டு லேன் போட்டுப் பயிற்சி. கோச் நுவரெலியாவில் இருப்பவர். பிஸ்டல் க்ளப் பெயரில் பதிவானது. பூட்டிய பெட்டியில் அவருடைய காரில்தான் வரும், போகும். வீட்டுக்கு என் கையில் வராது.

பிஸ்டல் புதியது அல்ல. ஒரே அமுக்கில் காற்றடைக்கும் வகை, 4.5 மி.மீ. கீழே இருக்கும் நெம்பை முன்னால் திறந்து மூடினால் ஒரு சூட்டுக்குத் தேவையான காற்று அடைபடும். சிலிண்டர் இல்லை, காஸ் இல்லை. எடை 1.3 கிலோ வருகிறது. க்ளப் அதை இரண்டாம் கையாக வாங்கியது. போட்டிக்கென்றே செய்த சிலிண்டர் பிஸ்டல் ஒன்று பல லட்சம் என்கிறார்கள். அப்பா தோட்டத்தில் வேலை. அதைப் பற்றி வீட்டில் நான் பேசியதே இல்லை.

பிரச்சினை இதுதான். கண்டியில் நல்ல நாளில் பத்துப் பத்தாகச் சுட்டால் நூற்றுக்கு 88, 90 வரை வருகிறது. அதே வாரம் நுவரெலியாவில் சுட்டால் எல்லாம் டார்கெட்டின் கீழ்ப்பக்கம் போகிறது. எட்டு, ஏழு, சில சமயம் ஆறு. காலையில் சுட்டால் இன்னும் மோசம். முதலில் என் மணிக்கட்டு சாய்கிறது என்று நினைத்து ஒரு மாதம் அதையே திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு கோச் மணல்பையில் வைத்துச் சுட்டுப் பார்த்தார். அப்போதும் கீழேதான்.

க்ளப்பில் ஓர் அண்ணா, "உள்ளே சுத்தியல் ஸ்பிரிங்கை மாற்று, கொஞ்சம் கடினமானதாகப் போடு, ட்ரிகரில் சுத்தியலைப் பிடித்துவைக்கும் பிடியையும் தேய்த்து மெருகேற்று, புது பிஸ்டல் மாதிரி ஆகிவிடும்" என்றார். அவர் போனில் வீடியோவும் காட்டினார். கோச் இன்னும் சம்மதிக்கவில்லை. இன்னொரு விஷயம்: போன போட்டியில் உபகரணச் சோதனையில் ட்ரிகரில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்கும்போது, அதைத் தாங்காமல் ட்ரிகர் விழுந்துவிட்டது (விடுபட்டுவிட்டது). அங்கேயே திருகாணியைத் திருப்பிச் சரிசெய்துதான் சுடவிட்டார்கள். கை நடுங்கியபடியே முதல் பத்தையும் சுட்டேன்.

இந்த பிஸ்டலைச் சரிசெய்ய முடியுமா? இல்லை, இதன் காலம் முடிந்துவிட்டதா? சரிசெய்யலாம் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

---

மாத்தளை_ரைபிள் எழுதியது:

மணல்பையில் வைத்துச் சுட்டபோதும் கீழே விழுந்தது என்றால் உங்கள் மணிக்கட்டு மேல் குற்றமில்லை. பின்சைட்டை (குறிபார்க்கும் பின்பக்கக் காடியை) ஏற்றிவிட்டுச் சுடுங்கள். சைட் இருப்பதே அதற்குத்தானே.

---

ஸ்டோர்_பிட்டர் எழுதியது:

மகள், எதையும் கழற்றாதே. ஸ்பிரிங்கை மாற்றாதே. ட்ரிகர் பிடியில் அரம், எமரித்தாள் எதுவும் படக்கூடாது. அதைத் தேய்த்த பிறகு திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. தேய்ந்த பிடி நெம்பை மூடும்போதே விழுந்துவிடலாம். இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆறுதலாக எழுதுகிறேன்.

நான் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) 31 வருடம் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு ஒரு பாடசாலைக் குழுவின் ஏர் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்கிறேன். சுடுவதில் பெரிய ஆள் இல்லை. காற்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதில் எனக்கு வருடங்கள் போயிருக்கின்றன.

மாத்தளைத் தம்பி சொன்னது பாதி சரி. ஆனால் பின்சைட்டை ஏற்றுவதற்கு முன்னால், கீழே விழுவதில் மலையின் பங்கு எவ்வளவு, பிஸ்டலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து சைட்டில் மறைத்துவிட்டால், கசிவு கூடக் கூட நீ சைட் திருகாணியைக் கிளிக் கிளிக்காகத் திருப்பிக்கொண்டே இருப்பாய்.

மலையின் பங்கைச் சொல்கிறேன். உன் பிஸ்டல் சுற்றியுள்ள காற்றை எடுத்துத்தான் நசுக்குகிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல். கண்டி சுமார் 500 மீட்டர் உயரம். அங்கே 955 அளவில் இருக்கும். நுவரெலியா 1868 மீட்டர். அங்கே சுமார் 810. நுவரெலியாவில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது என்று உன் அம்மாவைக் கேள், அதே காரணம்தான். நெம்பைத் திறக்கும்போது உருளைக்குள் வரும் காற்றே மெல்லியது. அதை எவ்வளவு நசுக்கினாலும், கண்டியில் கிடைத்த அழுத்தத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவாகத்தான் கிடைக்கும். பெல்லட்டுக்கு (ஈயக் குண்டுக்கு) போகும் சக்தியும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும். சக்தி 15 சதவீதம் குறைந்தால் வேகம் 8 சதவீதம் அளவில் குறையும்.

இந்த வகைப் பிஸ்டலில் பெல்லட் நொடிக்கு 130 மீட்டர் அளவில் போகிறது என்று வைத்துக்கொள். பத்து மீட்டரைக் கடக்க 0.077 நொடி. அந்த நேரத்தில் பூமி அதை 29 மி.மீ. கீழே இழுக்கும். வேகம் 120 ஆகக் குறைந்தால் 0.083 நொடி, 34 மி.மீ. வித்தியாசம் 5 மி.மீ. ஏர் பிஸ்டல் டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 8 மி.மீ. ஆகவே மலை உனக்குத் தருவது அரை வளையத்துக்குக் கொஞ்சம் கூட. பத்தின் ஓரத்தில் விழுந்தது ஒன்பதாகலாம். ஏழும் ஆறும் ஆகாது.

ஏழும் ஆறும் வருகிறது என்றால் எங்கோ காற்று போகிறது. "காலையில் இன்னும் மோசம்" என்று நீயே எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த வரிதான் கண்ணில் பட்டது. ரப்பர் பழசாகி இறுகியிருந்தால் குளிரில் இன்னும் இறுகும், ஒட்டி உட்காராது. நடுப்பகலில் சூடேறியதும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கண்டி வெப்பத்தில் அது தெரியவே தெரியாது.

எங்கள் லயத்தில் பம்ப் ஸ்டவ் இருந்தது. பம்பின் தோல் வாசர் காய்ந்துபோனால் எத்தனை தரம் அடித்தாலும் காற்று ஏறாது. அம்மா அதைக் கழற்றி இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு விரலால் நீவி விரித்துப் போடுவார். அடுப்பு சீறும். அதற்குள்ளேயே இன்னொரு வால்வு இருக்கும், அடித்த காற்று திரும்பி வராமல் பிடிப்பதற்கு. அது கெட்டால் வேறு மாதிரித் தெரியும்: அடிக்கும்போது கை உணர ஏறும், பிறகு மெல்ல இறங்கிவிடும். உன் பிஸ்டலிலும் இதே இரண்டு இடங்கள்தான். ஒன்று நசுக்கும் வாசர், மற்றது பிடித்துவைக்கும் வால்வு. எது கெட்டிருக்கிறது என்பதைக் கழற்றாமலே ரேஞ்சில் கண்டுபிடிக்கலாம்.

கோச் கூட இருக்கும்போது இப்படிச் செய். மணல்பையில் வைத்து, ஒரே தகர டப்பாவில் எடுத்த பெல்லட், ஒரே ஆள் சுடவேண்டும். இரண்டு டார்கெட் பக்கத்தில் பக்கத்தில் மாட்டு. நெம்பை முழுக்கத் திறந்து, மனதில் இரண்டு எண்ணி, பிறகு ஒரே வேகத்தில் மூடு. அவசரமாக மூடினால் உருளை முழுதாக நிரம்பியிருக்காது. மூடிப் பத்து நொடியில் முதல் டார்கெட்டில் ஒரு சூடு. அடுத்ததற்கு மூடியபின் இரண்டு நிமிடம் காத்திருந்து, இரண்டாவது டார்கெட்டில் ஒரு சூடு. காத்திருக்கும் நேரம் முழுக்க பிஸ்டலின் வாய் டார்கெட்டைப் பார்த்தபடி மணல்பையிலேயே இருக்கட்டும், விரல் ட்ரிகருக்கு வெளியே. இப்படி மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் பத்து. முதலில் பத்தையும் உடனே சுட்டுவிட்டுப் பிறகு பத்தைக் காத்திருந்து சுடாதே. இடையில் மண்டபம் சூடேறினால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

பிறகு வேர்னியரால் அள. பத்து ஓட்டைகளின் நடு எங்கே, மேலிருந்து கீழ் எவ்வளவு பரவல், இடமிருந்து வலம் எவ்வளவு. நடு கீழே இருப்பது ஒரு செய்தி. அகலம் குறைவாகவும் உயரம் நீளமாகவும் இருந்தால் அது வேறு செய்தி: வேகம் சூட்டுக்குச் சூடு மாறுகிறது என்று அர்த்தம். இரண்டு நிமிடம் காத்த குழு நன்றாகக் கீழே இறங்கியிருந்தால் வால்வு. நசுக்கிய காற்று சூடாக இருக்கும், அது ஆறும்போது அழுத்தம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஆகவே இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசத்துக்குப் பயப்படாதே. இரண்டு குழுவும் ஒரே இடத்தில், ஆனால் இரண்டுமே நிறையக் கீழே என்றால் நசுக்கும் வாசர்.

இதையே ஒரு நாள் காலை ஏழு மணிக்கும் இன்னொரு தரம் மதியமும் செய். மண்டபத்து வெப்பநிலையைக் குறித்துக்கொள். சனிக்கிழமை கண்டியிலும் ஒரு தரம். மொத்தம் 60 பெல்லட். அந்த 60-ம் உன் கொப்பியில் எழுதப்பட்டால், புது ஸ்பிரிங் பற்றி யார் என்ன சொன்னாலும் நீ பதில் சொல்லலாம்.

பெல்லட் பற்றியும் ஒரு வார்த்தை. நீ தகரத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருகிறாய் என்றால், நம் ரோட்டில் பெல்லட்டுகள் ஒன்றோடொன்று இடித்து, பாவாடை மாதிரி விரிந்த அவற்றின் பின்விளிம்பு நசுங்கியிருக்கும். ஈயம் மெத்தை மாதிரி மென்மை. தகரத்துக்குள் மேலே ஒரு வட்டம் ஸ்பொஞ்ச் வெட்டி வை. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு ரொட்டியைத் தொடு. ஈயம் கையில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

ட்ரிகர்: விதி 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்கிறது. நீ 500-லேயே வைத்தால் ஒரு குளிர்நாள், ஒரு பயணம், ஒரு அதிர்ச்சி போதும், கீழே போய்விடும். 540, 550-ல் வை. போட்டிக்குப் போகும் காலையில் எடையைத் தூக்கிப் பார். திருகாணியைத் தொடவேண்டிய இடம் அது ஒன்றுதான். அதையும் கோச் செய்யட்டும்.

---

ஹப்புத்தளை_பீடீ_மிஸ் எழுதியது:

தங்கச்சி, பிட்டர் ஐயா எழுதியதை அப்படியே செய்யுங்கள். நான் சேர்க்க நினைப்பது க்ரிப் (கைப்பிடி) பற்றி மட்டும். இரண்டாம் கைப் பிஸ்டல்களில் வரும் மரக் க்ரிப் பெரும்பாலும் பெரிய ஆண் கைக்குச் செய்தது. என் மாணவிகள் அதைப் பிடித்தால் சுட்டுவிரல் ட்ரிகரை நுனியால் தொடும், உள்ளங்கைக்குப் பின்னால் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியை மரப் புட்டியால் நிரப்பி, காய்ந்ததும் எமரித்தாளால் தேய்த்து, பிடித்துப் பார்த்து, திரும்ப நிரப்பி, மூன்று வாரத்தில் ஒரு பிள்ளையின் கைக்கு ஒரு க்ரிப்பைச் சரியாக்கினோம். மரத்தில் எமரித்தாள் போடலாம், இரும்பில்தான் கூடாது! கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்துங்கள், திறக்கும்போது முன்சைட் பின்சைட்டின் நடுவில் நிற்கவேண்டும். நிற்கும்வரை தேய்க்கலாம்.

பெண்களுக்கும் இப்போது 60 சூடுதான், 75 நிமிடம். 2017 வரை 40-ஆக இருந்தது. 1.3 கிலோவை அறுபது தரம் ஒரு கையால் உயர்த்திப் பிடிக்கவேண்டும், கூடவே பயிற்சிச் சூடுகளும். வீட்டில் பிஸ்டல் இல்லையென்றால் ஒன்றரை லீட்டர் போத்தலில் தண்ணீர் நிரப்பி, பத்து நொடி பிடித்து ஒரு நிமிடம் ஆறி, இருபது தரம். என் பிள்ளைகளுக்கு அது பிஸ்டலைவிட அதிகம் கொடுத்தது.

---

பதுளை_டு_வளைகுடா எழுதியது:

நான் பதுளைக்காரன். ஒன்பது வருடமாக வளைகுடாவில் ஒரு ரேஞ்சில் பாதுகாப்பு அலுவலர். இங்கே வருவது ஏர் பிஸ்டல் அல்ல, பெரும்பாலும் 9 மி.மீ. இப்போது எல்லோரும் கொண்டுவருவது இரட்டை வரிசை மகசின் (தோட்டா அடைக்கும் பெட்டி) போட்ட 1911 வகைப் பிஸ்டல். ஜோன் பிரவுனிங் வடிவமைத்த பழைய ஒற்றை வரிசைப் பிஸ்டலை அகலமாக்கியது. முன்பு பணக்காரப் போட்டியாளர்கள் மட்டும் வைத்திருந்தார்கள். இப்போது துருக்கியிலும் பிலிப்பைன்ஸிலும் மலிவாகச் செய்து வருகிறது, நிறையப் பேர் வாங்குகிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர்கள் செய்யும் தவறும் தங்கச்சியிடம் அந்த அண்ணா சொன்னதும் ஒன்றுதான். பெட்டியைத் திறந்த மறுநாளே ஸ்பிரிங், ட்ரிகர், எக்ஸ்ட்ராக்டர் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வருவார்கள். பத்தாவது ரவுண்டில் (தோட்டாவில்) மாட்டிக்கொள்ளும். ஐந்து பாகம் மாற்றியிருக்கிறார்கள், எது காரணம் என்று யாருக்குத் தெரியும்? நான் அவர்களிடம் சொல்வது: மாற்றாமல் 200 ரவுண்ட் சுடு. மகசின்களின் அடியில் 1, 2, 3 என்று எண் எழுது. ரவுண்ட் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு தரமும் மகசின் எண்ணையும் எத்தனையாவது ரவுண்ட் என்பதையும் எழுது. பாதிப் பேருக்கு இரண்டாம் எண் மகசின்தான் குற்றவாளி. இரட்டை வரிசையில் வரும் ரவுண்டுகள் மேலே வந்து ஒற்றை வரிசையாக ஒடுங்கவேண்டும். அந்த வாயின் உதடுகள் இம்மி விரிந்திருந்தாலும் ரவுண்ட் சாய்ந்து ஏறும். பிஸ்டலுக்கு ஒன்றும் இருக்காது. மகசினை ஒதுக்கிவைத்தால் போதும். பிறகு மணல்பையில் வைத்து 25 மீட்டரில் மூன்று வகை ரவுண்ட், ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாகச் சுட்டுக் குழுவை அளப்பது. மலிவு பிஸ்டல் ஒன்று தனக்குப் பிடித்த ரவுண்ட் கிடைத்ததும் விலை கூடியதற்குப் பக்கத்தில் நிற்பதைப் பல தரம் பார்த்திருக்கிறேன். ட்ரிகர் வேலை எப்போதும் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான்.

பெரிய போட்டியிலும் கருவி கைவிடும், தங்கச்சி. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கருக்குப் போட்டியின் நடுவில் பிஸ்டல் பழுதாகி, அதைச் சரிசெய்வதிலேயே நிமிடங்கள் போயின. இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை. 2024-ல் பாரிஸில் அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் எடுத்தார். உபகரணச் சோதனையில் ட்ரிகர் விழுந்ததற்கு நீங்கள் வெட்கப்படவேண்டியதில்லை.

---

லிந்துலை_10மீ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பிட்டர் ஐயா, நீங்கள் எழுதியதைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கோச்சிடம் காட்டினேன். இரண்டு தரம் படித்துவிட்டு, "வியாழன் காலை ஏழு மணிக்கு வா" என்றார். முதல் பஸ்ஸில் போனேன். மண்டபத்தில் 12 பாகை. வெளியே பனிமூட்டத்தில் ரேஸ்கோர்ஸ் தெரியவில்லை.

கண்டியில் சுட்ட குழுவின் நடுவைப் பூச்சியமாக வைத்து எழுதுகிறேன். சைட்டைத் தொடவில்லை.

நுவரெலியா காலை, பத்து நொடியில் சுட்டது: நடு 13 மி.மீ. கீழே. உயரப் பரவல் 24, அகலம் 10. இரண்டு நிமிடம் காத்தது: நடு 27 மி.மீ. கீழே. உயரப் பரவல் 38, அகலம் 11. அந்த டார்கெட்டைக் கழற்றிப் பார்த்தபோது ஓட்டைகள் ஒரு கோடு மாதிரி மேலிருந்து கீழே நின்றன. கோச் சிரித்துவிட்டார்.

மதியம், 19 பாகை: பத்து நொடி 8 கீழே, இரண்டு நிமிடம் 15 கீழே.

கண்டி, சனிக்கிழமை, 27 பாகை: பத்து நொடி 0, இரண்டு நிமிடம் 4 கீழே. உயரப் பரவல் இரண்டிலும் 13-க்குள்.

ஐயா, இது வால்வு என்றுதானே படிக்கவேண்டும்? காலையில் காத்த குழு அவ்வளவு இறங்கியிருக்கிறது. எனக்கு ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது. நான் நெம்பை மூடியபின் பெல்லட்டை வைத்து, நின்று, மூச்சை அடக்கி, கையை உயர்த்தி, சரியில்லை என்று இறக்கி, திரும்ப உயர்த்துவேன். சில சூட்டுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்திருப்பேன். நான் கவனமாகச் சுட்டவைதான் கீழே போயிருக்கின்றன! ஒரு மாதம் மணிக்கட்டைத் திருத்தினேனே, அந்த மாதத்தில் கவனம் கூடக்கூடப் புள்ளி குறைந்தது இதனால்தான்.

---

ஸ்டோர்_பிட்டர் எழுதியது:

சரியாகப் படித்திருக்கிறாய் மகள். வால்வுதான். நசுக்கும் வாசர் நன்றாகவே இருக்கிறது. கண்டியில் உடனே சுட்ட குழு அதற்குச் சாட்சி. கவனமாகச் சுட்டவை கீழே போனதை நீ கண்டுபிடித்தாயே, எனக்குத் தோன்றாத விஷயம் அது. எந்த இயந்திரத்தையும் அதை ஓட்டுகிற ஆள்தான் அறிவார்.

வால்வில் இருப்பது ஒரு சின்ன ரப்பர் வளையம். துப்பாக்கிகளைத் திறக்க அனுமதியுள்ள மெக்கானிக்கிடம் க்ளப் மூலமாகவே போகட்டும். நீயோ கோச்சோ வீட்டு மேசையில் திறக்கவேண்டாம். பழைய வளையத்தை வீசிவிடாமல் உறையில் போட்டுத் தரச் சொல். அதன் கனத்தையும் உள்விட்டத்தையும் அளந்து கொப்பியில் எழுது. அடுத்த தரம் தேட வேண்டியதில்லை. ஒன்று போட்டால் மூன்று வாங்கிவைக்கச் சொல், விலை மிகக் குறைவு. இருட்டில், வெயில் படாமல் வை.

எண்ணெய் பற்றி: சிலிக்கன் கிரீஸ், அதுவும் தீக்குச்சித் தலை அளவு. தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், இயந்திர எண்ணெய் எதுவும் ரப்பர் பக்கம் போகக்கூடாது. அம்மாவின் ஸ்டவ்வில் இருந்தது தோல், அதற்கு எண்ணெய் உயிர். பல வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலை ரைபிளில் கையில் இருந்த இயந்திர எண்ணெயை விட்டேன். இரண்டு வாரத்தில் ரப்பர் ஊதிப் பிசினாகிவிட்டது. அந்தப் பருவம் முழுக்க அந்த ரைபிள் இல்லாமல் நான்கு பிள்ளைகள் மூன்று ரைபிளை மாறிமாறிப் பிடித்தார்கள். அதை நான் மறக்கவில்லை.

காஸ் பிஸ்டலுக்கு மாறலாமா என்று இன்னொரு பிள்ளை எனக்குத் தனியாக எழுதியிருந்தது. கார்பன் டையொக்சைட் வகை குளிரில் இன்னும் அதிகமாக அழுத்தம் இழக்கும், நம் மலைக்கு ஏற்றதல்ல. அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் உள்ள சிலிண்டர் பிஸ்டலுக்கு உயரம் பெரிதாகத் தெரியாது, ஆனால் அதன் விலை வேறு. உன் பிஸ்டலுக்கு இன்னும் வயது இருக்கிறது.

---

லிந்துலை_10மீ எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கண்டியில் க்ளப் வழக்கமாகக் கொடுக்கும் மெக்கானிக் வளையத்தை மாற்றினார். பழையது உறையில் இருக்கிறது, ஒரு பக்கம் தட்டையாகி, வளைத்தால் மயிரிழை மாதிரி வெடிப்புகள் தெரிகின்றன. ட்ரிகரைக் கோச் 545-ல் வைத்தார். ஸ்பிரிங்கைத் தொடவில்லை. அந்த அண்ணாவிடம் டார்கெட்டுகளைக் காட்டினேன். அவர் தன் பிஸ்டலையும் காத்திருந்து சுட்டுப் பார்க்கிறார்.

நேற்று நுவரெலியா, காலை, 13 பாகை. பத்து நொடி: நடு 6 மி.மீ. கீழே, உயரப் பரவல் 11. இரண்டு நிமிடம்: 8 கீழே, உயரப் பரவல் 12. நீங்கள் கணக்குப் போட்டது 5, ஐயா. வேர்னியரை வைத்துப் பார்த்துவிட்டு உங்கள் வரியைத் திரும்பப் படித்தேன்.

பின்சைட்டில் ஒரு கிளிக் எவ்வளவு என்று அளக்கப் பத்து கிளிக் ஏற்றிச் சுட்டோம். 15 மி.மீ. மேலே போனது. அப்படியென்றால் கிளிக்குக்கு ஒன்றரை. நுவரெலியாவுக்கு நான்கு கிளிக் மேலே. பிறகு நின்று சுட்டேன், மணல்பை இல்லாமல், முதல் பத்து 87. காலையில், நுவரெலியாவில்!

மிஸ், க்ரிப்புக்குப் புட்டி வாங்கிவிட்டோம். தண்ணீர்ப் போத்தல் பதினான்கு தரம் வரை வந்திருக்கிறது.

---

ஸ்டோர்_பிட்டர் எழுதியது:

நல்லது மகள், மிக நல்லது. பெட்டியின் மூடிக்குள் ஒரு தாள் ஒட்டு: நுவரெலியா +4, கண்டி 0. சனிக்கிழமை கண்டியில் பெட்டியைத் திறந்ததும் அந்த நான்கு கிளிக்கையும் இறக்கிவிட்டுத்தான் முதல் பெல்லட்.